பேட் மாற்றிய பின் பிரேக்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் பிரேக் பேட் வாங்கி வந்து, மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ தம் வீட்டு வாசலிலேயே ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றித் தாமே மாற்றிவிடும் சாமர்த்தியசாலிகள், அதன்பின் தோன்றும் கோளாறுகளுக்கெல்லாம் புதிய பேட்டையே குற்றம் சாட்டுவது பெரும்பாலும் நியாயமன்று. மாற்றும் சமயத்தில் கை பட்ட மற்றப் பாகங்களையே முதலில் விசாரிக்க வேண்டும்.

பருமனான புதுப் பேட்டுக்கு இடம் வேண்டிக் காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்போமாதலால், அது மீண்டும் வெளிவந்து பேட்டை டிஸ்க்கோடு சேர்க்கும் வரையில் பெடல் தரைமட்டும் இறங்குவது இயல்பே. வண்டியை நகர்த்துமுன் பெடலைப் பலமுறை மிதித்து, அது காலுக்கு உறுதியாக எதிர்ப்பதை நிச்சயித்துக்கொள்ளாதவருக்கு எதிர்வீட்டு மதில்தான் பிரேக்.

மிதித்த பின்னும் பெடல் பஞ்சுபோல் அமுங்கினால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம். திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். ஆகவே மெக்கானிக்குகள் சொல்வதுபோல் ‘ஏர் எடுக்க’ வேண்டும். பிரேக் ஆயிலோ ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையது: புதிதாயிருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காத டாட் 4 ஆயில், நீர் கலந்தபின் 155 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடக்கூடும் என்பதால், ஈரக்காற்று நீங்காத இக்கடலோர நகரில் இரண்டு ஆண்டுக்கொரு முறை அதை மாற்றுவது உசிதம்.

வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, ஒரு சக்கரம் மட்டும் அதிக உஷ்ணமடைந்தாலோ, காலிப்பர் நகர்வதற்குரிய பின்களைப் பாருங்கள். சாந்தோம், பெசன்ட் நகர் பகுதிகளில் உப்புக்காற்றால் அவை துருவேறி இறுகுவதுண்டு. சுத்தம் செய்து, ரப்பரைக் கெடுக்காத பிரேக் கிரீஸையே தடவ வேண்டும். அந்தக் கிரீஸ் பேட்டின் முகத்தில் பட்டுவிட்டால் அந்தப் பேட் பயனற்றது.

புதுப் பேட் கிறீச்சிட்டால், அது டிஸ்க்கோடு இன்னும் பொருந்தவில்லையென்றும் கொள்ளலாம். தியாகராய நகரின் உஸ்மான் சாலையில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு அப்பொருத்தம் எளிதில் வாய்க்காது. ஆதலால், நெரிசலற்ற விடியற்காலையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, இடையில் ஆறவிட்டுச் சிலமுறை ஓட்டிப் பழக்க வேண்டும்.

ஆனால் பெடலை அழுத்திப் பிடித்திருக்கையிலேயே அது மெல்ல இறங்குமானால், அல்லது சக்கரத்தருகில் ஆயில் கசியுமானால், வீட்டு வைத்தியத்தின் எல்லை அத்துடன் முடிந்தது. வண்டியை ஓட்டிச் செல்லாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைப்பதே விவேகம்.