அதிமுகவில் காலில் விழும் வழக்கம்

அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தில் (அதிமுக) அமைச்சர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் நிர்வாகிகளும் பொதுச்செயலாளரின் காலில் பொதுமேடையில் விழுந்து வணங்கிய வழக்கம், 1991 முதல் 2017 வரையிலான தமிழக அரசியலின் அடையாளங்களில் ஒன்று. வெளியே இருந்தவர்கள் இதை அடிமைத்தனம் என்றார்கள், கட்சிக்காரர்கள் விசுவாசம் என்றார்கள். தலைமையை ஒட்டியிருந்த உள்வட்டத்தில் யார் உயர்ந்தார், யார் வீழ்ந்தார் என்பதைக் கவனித்தால் இந்த இரண்டு சொற்களும் ஒரே செயலைத்தான் குறித்தன என்பது தெரியும். ஓ. பன்னீர்செல்வத்தின் அரசியல் வாழ்க்கை இதற்கு முழுமையான எடுத்துக்காட்டு.

பின்னணி

மூத்தோர் காலில் விழுந்து ஆசி பெறுவது தமிழ்க் குடும்பங்களில் பழைய வழக்கம். திருமணம், பொங்கல், தேர்வுக்குப் போகும் நாள் என்று அதற்கென்று சில தருணங்கள் உண்டு. அரசியல் மேடையில் அது நுழைந்தது வேறு விதமாக. 1925இல் பெரியார் தொடங்கிய சுயமரியாதை இயக்கம், மனிதன் மனிதன் முன் குனியக் கூடாது என்பதை அடிப்படையாகக் கொண்டது. அந்த மரபிலிருந்து கிளைத்த ஒரு கட்சியில், அண்ணாவின் பெயரையும் தாங்கிய கட்சியில், நெடுஞ்சாண்கிடையாக விழுவது அன்றாடமானது முரண்தான்.

1972 அக்டோபர் 17இல் எம்.ஜி.ஆர் தொடங்கிய அதிமுக, ஆரம்பத்திலேயே கொள்கையைவிட ஆளைச் சுற்றி அமைந்த கட்சி. தொண்டர்களை அவர் "ரத்தத்தின் ரத்தங்கள்" என்று அழைத்தார். கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளும்படி சொன்னதும் அவர் காலத்தில்தான். பொதுச்செயலாளர் நினைத்தால் ஒருவரை வேட்பாளராக்கலாம், அமைச்சராக்கலாம், ஒரு வரி அறிக்கையில் நீக்கலாம். கட்சி விதிகளில் பொதுச்செயலாளருக்கு இருந்த அதிகாரம் அவ்வளவு. இரண்டாம் நிலைத் தலைவர் எவருக்கும் தனக்கென்று வாக்கு இல்லாத கட்சியில், மேலே பார்த்துக் கும்பிடுவதுதான் பாதுகாப்பான முதலீடு.

ஜெயலலிதா பட்ட அவமதிப்புகள்

இந்த வழக்கத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. காலில் விழுந்தவர்களை ஏற்றுக்கொண்ட ஜெயலலிதா, அதே கட்சியின் உள்வட்டத்தாரால் அவமதிக்கப்பட்டுத்தான் மேலே வந்தார். 1987 டிசம்பர் 24இல் எம்.ஜி.ஆர் காலமானபோது ராஜாஜி அரங்கில் உடலின் தலைமாட்டில் அவர் மணிக்கணக்கில் நின்றார். இறுதி ஊர்வலம் புறப்பட்டபோது பீரங்கி வண்டியில் ஏற முயன்றவர் கீழே தள்ளப்பட்டார். 1989 மார்ச் 25இல், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அவர் சட்டமன்றத்தில் நடந்த கைகலப்பின்போது தாக்கப்பட்டு, கலைந்த தலையோடு வெளியே வந்தார். முதல்வராகத்தான் இந்த அவைக்குத் திரும்புவேன் என்று அப்போது சபதம் செய்தார் என்பது கட்சியில் பலமுறை சொல்லப்பட்ட கதை. 1991 ஜூன் 24இல் முதல்வரானார்.

அதன்பின் அவர் முன் குனிந்தவர்களில், 1987இல் அவரை எதிர்த்து ஜானகி அணியில் நின்றவர்களும் இருந்தார்கள். ஆண்கள் மட்டுமே அதிகாரம் செய்து பழகிய ஒரு அரங்கில், தனியாக நின்ற ஒரு பெண் தலைவர் தூரத்தையும் பயத்தையும் கவசமாக்கிக் கொண்டார் என்ற விளக்கம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 25 ஆண்டுகள் நீடித்ததை அந்த விளக்கம் மட்டும் தாங்காது. தலைவருக்குத் தேவைப்பட்டது போலவே, விழுந்தவர்களுக்கும் அது தேவைப்பட்டது.

வழக்கம் நடந்த விதம்

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, உள்ளே இருக்கும் தலைவியின் படம் வெளியே தெரியும்படி மெல்லிய சட்டைப்பை. அதிமுக அமைச்சர் என்றால் இந்தத் தோற்றம்தான் நினைவுக்கு வரும். தலைவியின் கார் கிளம்பும்போது சக்கரத்தை நோக்கிக் குனிவது, ஹெலிகாப்டர் இறங்கும்போது வானத்தைப் பார்த்துக் கும்பிடுவது ஆகியவை தேர்தல் பிரசாரப் படங்களில் பதிவாகியுள்ளன. "அம்மா", "புரட்சித்தலைவி", "இதய தெய்வம்" என்ற அடைமொழிகள் இல்லாமல் எந்த அமைச்சரும் சட்டமன்றத்தில் பேச்சைத் தொடங்கியதில்லை. கேள்வி குடிநீர்க் குழாயைப் பற்றியதாக இருந்தாலும் பதில் புகழ்மாலையில்தான் தொடங்கியது.

இவ்வளவு செய்தும் பதவி நிலைக்கும் என்ற உறுதி கிடையாது. 2011 முதல் 2016 வரையிலான ஆட்சியில் அமைச்சரவை மாற்றங்கள் அடிக்கடி நடந்தன. எம்.ஜி.ஆர் காலத்திலிருந்து கட்சியில் இருந்தவரும், ஜெயலலிதாவின் சுற்றுப்பயணங்களை ஒழுங்கு செய்தவருமான கே.ஏ. செங்கோட்டையன் 2012இல் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டு, ஜெயலலிதா இருந்தவரை மீண்டும் அமைச்சராகவில்லை. நீக்கப்பட்டவர்கள் காரணம் கேட்பதில்லை. கேட்காமல் காத்திருப்பதே அடுத்த வாய்ப்புக்கான தகுதியாகப் பார்க்கப்பட்டது. குனிவதில் மரியாதை ஒரு பங்கு என்றால், பொதுவெளியில் தன் மானத்தை அடகு வைத்துக் காட்டுவது இன்னொரு பங்கு. லட்சம் பேர் பார்க்க விழுந்த ஒருவர் நாளை தனிக்கடை போட்டால் யாரும் அவரைத் தலைவராக மதிக்கமாட்டார்கள். தலைமைக்கு இதைவிடப் பெரிய காப்பீடு எது?

பதில் முதல்வர்

ஓ. பன்னீர்செல்வம் தேனி மாவட்டம் பெரியகுளத்தைச் சேர்ந்தவர். குடும்பம் அங்கே தேநீர்க்கடை நடத்தியது. 1996இல் பெரியகுளம் நகராட்சித் தலைவர். 1999இல் அந்த மக்களவைத் தொகுதியில் நின்று வென்ற டி.டி.வி. தினகரன் வழியாகத் தலைமையின் பார்வைக்கு வந்தார். 2001இல் முதன்முறையாகச் சட்டமன்ற உறுப்பினராகி வருவாய்த்துறை அமைச்சரானார்.

அதே ஆண்டு செப்டம்பர் 21இல், ஜெயலலிதா முதல்வராக நியமிக்கப்பட்டது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றிரவே பன்னீர்செல்வம் முதல்வரானார். அமைச்சராகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மூத்தவர்கள் பலர் இருக்க அவர் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் அவரால் ஆபத்து வராது என்பதே. 2002 மார்ச் 2இல், ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் வென்று வந்த ஜெயலலிதாவிடம் பதவியை ஒப்படைத்தார். இராமனின் பாதுகையை வைத்து ஆண்ட பரதனோடு கட்சி மேடைகள் அவரை ஒப்பிட்டன.

இரண்டாவது முறை இன்னும் கூர்மையானது. 2014 செப்டம்பர் 27இல் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் சொத்துக்குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்கு நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. 29ஆம் தேதி ஆளுநர் மாளிகையில் பன்னீர்செல்வமும் அமைச்சர்களும் அழுதுகொண்டே பதவியேற்றார்கள். சிலரால் உறுதிமொழியை முழுதாகப் படிக்க முடியவில்லை. அந்தக் கண்ணீரில் துக்கம் எவ்வளவு, தயக்கம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அழாமல் பதவியேற்பது அன்று எவருக்கும் பாதுகாப்பானதாக இருந்திருக்காது. மண்சோறு, மொட்டை, பால்குடம் என்று வேண்டுதல்கள் மாவட்டந்தோறும் நடந்தன. முதல்வரின் நாற்காலியில் பன்னீர்செல்வம் உட்காரவில்லை, முதல்வர் அறையையும் பயன்படுத்தவில்லை. ஜெயலலிதா "மக்களின் முதல்வர்" என்று அழைக்கப்பட்டார். அப்படியானால் கோட்டையில் கையெழுத்திட்டுக் கொண்டிருந்தவர் யாருடைய முதல்வர் என்ற கேள்வியைக் கட்சிக்குள் எவரும் எழுப்பவில்லை. 2015 மார்ச் 25இல் நிதிநிலை அறிக்கையை அவரே தாக்கல் செய்தார். மே 11இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்ததும் பதவியைத் திருப்பிக் கொடுத்தார்.

2016 அக்டோபரில் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தபோது அவரது துறைகள் பன்னீர்செல்வத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அமைச்சரவைக் கூட்டத்தை அவர் நடத்தினார், ஜெயலலிதாவின் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு. டிசம்பர் 5 இரவு ஜெயலலிதா காலமானார். விடிவதற்கு முன்பே பன்னீர்செல்வம் மூன்றாம் முறையாகப் பதவியேற்றார்.

பதவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய ஆள் இல்லாமல் அவர் முதல்வரானது அதுவே முதல் முறை. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

வானகரம் மண்டபம்

அண்ணனூர், ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று விரியும் சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதியில், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய வானகரத்தில் ஸ்ரீவாரு வெங்கடாசலபதி திருமண மண்டபம் உள்ளது. முகூர்த்த நாட்களில் கல்யாணக் கூட்டம் நிறையும் இந்த இடத்தில் அதிமுகவின் முக்கியப் பொதுக்குழுக்கள் சில நடந்தன. கட்சி உள்வட்டத்தின் விசுவாசம் எப்படித் திரும்பியது என்பதை அந்த ஒரு கூரையின் கீழேயே பார்த்துவிடலாம்.

2016 டிசம்பர் 29இல் கூடிய பொதுக்குழு, ஜெயலலிதாவின் தோழி வி.கே. சசிகலாவைப் பொதுச்செயலாளராக ஒருமனதாக நியமித்தது. தீர்மான நகலை முதல்வர் பன்னீர்செல்வம் உள்ளிட்டோர் போயஸ் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். காலில் விழுதல் இடைவெளியின்றிப் புதியவரிடம் தொடர்ந்தது. முதல்வர் ஒருவர் பதவியில் இருக்கும்போதே, சசிகலா முதல்வராக வேண்டும் என்று அவரது அமைச்சர்களே வெளிப்படையாகக் கேட்கத் தொடங்கினார்கள். 2017 பிப்ரவரி 5இல் சசிகலா சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்வு செய்யப்பட, பன்னீர்செல்வம் பதவி விலகினார்.

பிப்ரவரி 7 இரவு மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் சுமார் 40 நிமிடம் கண்மூடி அமர்ந்தார். எழுந்து வந்து, தான் கட்டாயப்படுத்தப்பட்டே விலகியதாகவும், முதல்வராக இருந்தபோது அவமானப்படுத்தப்பட்டதாகவும் சொன்னார். பதினைந்து ஆண்டுகள் வளைந்த முதுகு நிமிர்ந்தது என்று பலர் வியந்தார்கள். கவனிக்க வேண்டியது, அவர் நிமிர்ந்ததும் இன்னொரு தலைவியின் சமாதி முன் குனிந்த பிறகுதான். கலகத்துக்கான நியாயத்தையும் அவர் விசுவாசத்திலிருந்துதான் எடுத்தார். அதிமுகவில் வேறு எந்த மொழியும் தொண்டர்களிடம் எடுபட்டிருக்காது.

பிறகு நடந்தவை வேகமானவை. சட்டமன்ற உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டார்கள். பிப்ரவரி 14இல் சசிகலாவின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எடப்பாடி கே. பழனிசாமி 16இல் முதல்வராகி, 18இல் 122 வாக்குகளுக்கு 11 என்ற கணக்கில் நம்பிக்கை வாக்கு பெற்றார். பழனிசாமி சசிகலாவின் காலில் விழும் காட்சி ஊடகங்களில் பரவியது. ஊர்ந்து போய்ப் பதவி வாங்கியவர் என்று திமுக 2021 தேர்தல் வரை அதை மேடைதோறும் பேசியது. ஊர்ந்து செல்லத் தான் பாம்போ பல்லியோ அல்ல என்று பழனிசாமி பதில் சொன்னார். காலில் விழுவதைக் கூச்சமின்றிச் செய்த கட்சியில், அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிய நிலை ஒரு தலைவருக்கு வந்தது புதிது.

2017 ஆகஸ்ட் 21இல் இரு அணிகளும் இணைந்தன. பன்னீர்செல்வம் துணை முதல்வரானார். செப்டம்பர் 12இல் அதே வானகரம் மண்டபத்தில் கூடிய பொதுக்குழு, எட்டரை மாதம் முன்பு தான் நியமித்த சசிகலாவின் நியமனத்தை ரத்து செய்தது. ஜெயலலிதாவே நிரந்தரப் பொதுச்செயலாளர் என்றது. பன்னீர்செல்வம் ஒருங்கிணைப்பாளர், பழனிசாமி இணை ஒருங்கிணைப்பாளர்.

பின்னர் வந்தது 2022 ஜூன் 23 கூட்டம். ஒற்றைத் தலைமை வேண்டும் என்ற கோரிக்கையைப் பழனிசாமி தரப்பு எழுப்பியிருந்தது. கூட்டத்துக்கு அனுமதி தரக்கூடாது என்று பன்னீர்செல்வம் ஆவடி காவல் ஆணையரகத்துக்கு மனு கொடுத்துப் பார்த்தார். நீதிமன்றத்தையும் நாடினார். ஏற்கெனவே தயாரான 23 தீர்மானங்களைத் தவிர வேறெதையும் நிறைவேற்றக் கூடாது என்று உயர் நீதிமன்றம் விடியற்காலையில் உத்தரவிட்டது. கூட்டம் அந்த 23ஐயும் நிராகரித்தது. பன்னீர்செல்வம் மண்டபத்துக்குள் நுழைந்தபோதே துரோகி என்ற முழக்கம் எழுந்தது. வெளிநடப்பு செய்து இறங்கிப் போகையில் அவர் மீது தண்ணீர் பாட்டில்கள் வீசப்பட்டன. மூன்று முறை முதல்வராக இருந்தவர், அப்போதும் கட்சியின் ஒருங்கிணைப்பாளர்.

ஜூலை 11இல் கூடிய பொதுக்குழு அவரைக் கட்சியிலிருந்து நீக்கியது. அந்தப் பொதுக்குழு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரி 23இல் தீர்ப்பளித்தது.

பிற இடங்களில்

பதில் முதல்வர் என்ற ஏற்பாடு தமிழகத்துக்கு மட்டும் உரியதல்ல. பீகாரில் நிதிஷ்குமார் 2014 மே மாதம் ஜிதன் ராம் மாஞ்சியை முதல்வராக்கினார். சொன்னதைக் கேட்பார் என்று கருதப்பட்ட மாஞ்சி தனியாக முடிவெடுக்கத் தொடங்கியதும் மோதல் வந்து, 2015 பிப்ரவரியில் விலக நேர்ந்தது. ஜார்க்கண்டில் ஹேமந்த் சோரன் கைதானபோது 2024 பிப்ரவரி 2இல் முதல்வரான சம்பாய் சோரன், ஹேமந்த் பிணையில் வந்ததும் ஜூலையில் பதவி விலகினார். தன் அரசு நிகழ்ச்சிகள் தன்னைக் கேட்காமலே ரத்து செய்யப்பட்டன, அவமானப்பட்டேன் என்று கூறி அடுத்த மாதமே பாஜகவில் சேர்ந்தார். டெல்லியில் 2024 செப்டம்பரில் முதல்வரான ஆதிஷி, அரவிந்த் கெஜ்ரிவாலுக்காக ஒரு காலி நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பரதன் அங்கேயும் பேசப்பட்டார்.

மாஞ்சியும் சம்பாய் சோரனும் உயிரோடிருந்த தலைவரோடு முறித்துக்கொண்டு வெளியேறினார்கள். பன்னீர்செல்வம் ஜெயலலிதா இருந்தவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. பின்னாளில் எப்போது பேசினாலும் அவர் காட்டிய சான்றிதழ், அம்மா தன்னை இருமுறை நம்பினார் என்பதுதான்.

2024 மக்களவைத் தேர்தலில் பாஜக கூட்டணி ஆதரவோடு இராமநாதபுரத்தில் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பெயருடைய பன்னீர்செல்வங்கள் மேலும் சிலர் அங்கே வேட்புமனு தாக்கல் செய்திருந்தார்கள். வென்றவர் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் நவாஸ் கனி. இரட்டை இலை மூன்றாமிடத்துக்குப் போக, பன்னீர்செல்வம் இரண்டாமிடம் பிடித்தார்.