மூன்றாம் வீட்டுப் பாஷை

கட்டற்ற கணினியோடு ஒரு வாசம் – 9

ஃப்ரீபிஎஸ்டி போன்ற யூனிக்ஸ் வம்சத்து இயக்குதளம் ஒன்றை மடிக்கணினியில் நிறுவி முடித்தவர்களில் அநேகர் முதல் நாளிலேயே சந்திக்கும் சங்கடம் ஒன்று உண்டு. வட்டில் இடம் பிரித்தாயிற்று, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தாயிற்று, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துக்களோடு யந்திரம் நம்முடைய ஆக்ஞைக்காகக் காத்து நிற்கிறது; ஆனால் உள்ளே பொருத்தியிருக்கும் வைஃபை சில்லுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் கைவசம் இல்லை, அதை இணையத்திலிருந்துதான் இறக்கிக்கொள்ள வேண்டும், இணையமோ அந்தச் சில்லு எழுந்திருந்து வேலை செய்தாலன்றி வரப்போவதில்லை. முன்பெல்லாம் லேன் கம்பியைச் செருகிச் சமாளித்துவிடலாம். இப்போது மெல்லிய மடிக்கணினி வேண்டும் என்ற மோகத்தில் அந்தத் துளையையே உற்பத்தியாளர்கள் எடுத்துவிட்டார்கள். எஞ்சியிருப்பது யூ.எஸ்.பி. துளை ஒன்றுதான், அதன் வழியாகக் கைபேசியின் இணையத்தைக் கணினிக்குக் கொண்டுவரும் உபாயத்தையே இவ்வாரம் விவரிக்க உத்தேசம்.

இதைப் பற்றிப் பரவலாக ஓர் எண்ணம் இருக்கிறது: கைபேசியின் சிம் அட்டைக்கு உரிய டேட்டாவைச் செலவழித்துக் கணினியை ஓட்டும் காரியம் இது என்பது. பாதிதான் உண்மை. ஆண்ட்ராய்டு கைபேசி வீட்டு வைஃபையில் இணைந்திருக்குமானால், யூ.எஸ்.பி. வழியே அது கணினிக்குக் கொடுப்பதும் அந்த வைஃபை இணையத்தையேதான். ஆகவே கணினிக்கு வைஃபை டிரைவர் இல்லாதவர்கள், அலமாரியில் சும்மா கிடக்கும் பழைய கைபேசி ஒன்றை எடுத்து, சிம் அட்டையே இல்லாமல், ஒரு வைஃபை அடாப்டராகப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளலாம். சில மாதங்கள் வரையில் இப்படியே காலம் தள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். வைஃபை டிரைவர் செம்மைப்படும் வரையில் கணினியை மூட்டை கட்டி வைக்க வேண்டிய அவசியமில்லை.

முதலில் கம்பியைக் கவனிக்க வேண்டும். யூ.எஸ்.பி. 2.0 கம்பியின் உறையைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை என்று நான்கு மெல்லிய இழைகள் தெரியும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, வெள்ளையும் பச்சையும் தகவலுக்கு. மலிவான சார்ஜர்களோடு வரும் கம்பிகள் சிலவற்றில் பின்னிரண்டு இழைகளும் இல்லவே இல்லை. அத்தகைய கம்பியைச் செருகினால் கைபேசியில் சார்ஜ் ஏறுகிறது, பச்சை விளக்கு எரிகிறது, எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றுகிறது. அமைப்புப் பக்கத்தில் ‘யூ.எஸ்.பி. டெதரிங்’ என்னும் விசை மட்டும் மங்கிப்போய், விரலால் எத்தனை முறை தொட்டாலும் அசைய மாட்டேன் என்கிறது. இயக்குதளத்தைச் சந்தேகிப்பதற்கு முன் கம்பியை மாற்றிப் பார்த்துவிடுவது உத்தமம்.

கம்பி சரியாக இருந்து அந்த விசையை இயக்கியதும் நிகழ்வது ஒரு சிறிய விநோதம். கைபேசி, கணினியின் பார்வையில், ஒரு கணம் காணாமலே போய்விடுகிறது. டெர்மினலில் கெர்னல் எழுதும் வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தால், யூஜென்0.2 என்று சற்று முன் குறித்த சாதனம் பிரிந்துவிட்டது என்று ஒரு வரியும், அடுத்தாற்போலவே அது மறுபடி வந்து சேர்ந்தது என்று இன்னொரு வரியும் விழும். போனது கோப்புகளும் புகைப்படங்களும் வைத்திருக்கும் கைபேசி. திரும்பி வந்திருப்பது ஒரு நெட்வொர்க் அட்டை. யூ.எஸ்.பி. சாதனம் ஒவ்வொன்றும் தான் இன்னதென்று அறிவிக்க வகுப்பு, உப வகுப்பு, நெறிமுறை என மூன்று எண்களைக் காட்ட வேண்டும் என்பது விதி. டெதரிங்குக்கு மாறிய கைபேசிகளில் பெரும்பாலானவை காட்டும் எண்கள் 224, 1, 3. கணினியிலுள்ள டிரைவர் இந்த மூன்றையும் பார்த்துத்தான் பொறுப்பேற்கிறது. அந்தக் கைபேசி எந்தக் கம்பெனி செய்தது, விலை என்ன என்பதை அது லட்சியம் செய்வதில்லை.

அந்த மூன்று எண்களும் சுட்டுவது ஆர்.என்.டி.ஐ.எஸ். என்னும் நெறிமுறையை. அதை வகுத்தது மைக்ரோசாஃப்ட் நிறுவனம். சற்று நின்று யோசிக்கத்தக்க விஷயம் இது. கைபேசியின் உள்ளே ஓடுவது லினக்ஸ் கெர்னல். கம்பியின் மறுமுனையில் இருப்பது பெர்க்கிலி சர்வகலாசாலையின் யூனிக்ஸ் பரம்பரையில் வந்த ஃப்ரீபிஎஸ்டி. மைக்ரோசாஃப்டுக்கு இந்த இடத்தில் எந்த வேலையும் இல்லை. இருந்தும், ஒரே வம்சத்துப் பங்காளிகள் இருவர் சந்தித்து, மூன்றாம் வீட்டுப் பாஷையில் சம்பாஷிப்பதுபோல, இவ்விரண்டும் அந்த நெறிமுறையிலேயே பேசிக்கொள்கின்றன.

காரணம் எளிது. யூ.எஸ்.பி. வழியே ஈதர்நெட் பொட்டலங்களை அனுப்புவதற்கு, யூ.எஸ்.பி. தரங்களை நிர்வகிக்கும் அமைப்பே சி.டி.சி. என்ற வரிசையில் ஈ.சி.எம். என்னும் சுத்தமான முறையொன்றை வகுத்திருந்தது. லினக்ஸும் பிஎஸ்டி குடும்பத்தாரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். விண்டோஸ் மட்டும் அதற்கென்று ஒரு டிரைவரைத் தன்னுடன் வைத்துத் தரவில்லை. 2010-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 2.2 முதன்முதலாக டெதரிங் வசதியைக் கைபேசியோடு சேர்த்துக் கொடுத்தபோது, அதை உபயோகிக்கப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் விண்டோஸ்காரர்களே என்பதால், விண்டோஸுக்குத் தெரிந்த முறையில் பேசுவதைத் தவிரக் கைபேசிக்கு வேறு வழியில்லை. சிறுபான்மையோர் தாமாகவே அந்தப் பாஷையைக் கற்றுக்கொள்ளும்படி நேர்ந்தது.

கற்றுக்கொண்ட விதமும் சொல்லத்தக்கது. யூஆர்என்டிஸ் என்ற டிரைவரை ஜொனாதன் அர்மானி, மைக்கேல் நூட்சன், ஃபாபியன் ரோமானோ ஆகிய மூவர் ஓப்பன்பிஎஸ்டிக்காக எழுதினார்கள், ஆண்ட்ராய்டு 2.2 வெளிவந்த அதே 2010-ஆம் ஆண்டில், ஓப்பன்பிஎஸ்டி 4.7-இல் அது இடம்பெற்றுவிட்டது. பிற்பாடு அதை ஃப்ரீபிஎஸ்டிக்குக் கொண்டுவந்தவர் ஹான்ஸ் பீட்டர் செலாஸ்கி, 9.3 பதிப்பில் அது சேர்ந்தது. நார்வே தேசத்தவரான இவர்தான் ஃப்ரீபிஎஸ்டி 8.0-இல் யூ.எஸ்.பி. பகுதி முழுவதையும் புதிதாக எழுதிக் கொடுத்தவர். 2023-இல் காலமானார். ஃப்ரீபிஎஸ்டியில் இன்று யாராவது ஒரு யூ.எஸ்.பி. சாதனத்தைச் செருகி, அது சத்தமில்லாமல் வேலை செய்கிறதென்றால், அவருடைய உழைப்பின் மேல்தான் அது நடக்கிறது.

ஆர்.என்.டி.ஐ.எஸ். நெறிமுறையின் குணத்தையும் சற்றுப் பார்க்கலாம். இணைப்பு ஏற்பட்டவுடன் டிரைவர் கைபேசிக்கு ஒரு துவக்கச் செய்தி அனுப்புகிறது. பதில் வந்தபின், உன் ஈதர்நெட் விலாசம் என்ன, என்று கேட்கிறது. எந்தெந்தப் பொட்டலங்களை அனுமதிக்கலாம் என்றும் சொல்லிவைக்கிறது. இவ்வளவு உபசாரத்துக்குப் பிறகே தகவல் ஓடத் தொடங்குகிறது. அப்போதும் ஒவ்வொரு ஈதர்நெட் பொட்டலத்தின் தலையிலும் 44 பைட் நீளமுள்ள ஒரு முகப்பைக் கட்டியே அனுப்ப வேண்டும். 1,500 பைட் கொண்ட பெரிய பொட்டலத்துக்கு இது அற்பம். 60 பைட்டே உள்ள சிறு ஒப்புகைப் பொட்டலத்துக்கோ முக்கால் பங்கு அதிகச் சுமை. இதனினும் பெரிய குறை பாதுகாப்பைப் பற்றியது. எதிர்முனைச் சாதனம் யோக்கியமானது என்ற நம்பிக்கையிலேயே இந்த நெறிமுறை கட்டப்பட்டிருக்கிறதென்று சொல்லி, லினக்ஸ் கெர்னலின் முக்கியப் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் 2022-இல் இதன் டிரைவர்களை முடக்கிவிடலாம் என்றே முன்மொழிந்தார். அவர் சொன்னது நியாயமே. ஆயினும் கோடிக்கணக்கான பழைய கைபேசிகள் பேசும் பாஷையை ஒரே நாளில் செவிமடுக்க மறுப்பது சாத்தியமான காரியமல்ல. புதிய கைபேசிகள் சில இப்போது என்.சி.எம். என்னும் சி.டி.சி. முறைக்கு மாறிவருகின்றன; விண்டோஸ் 11-உம் அதற்கு டிரைவர் தருகிறது.

இனிக் காரியத்துக்கு வருவோம். ரூட் அதிகாரத்தோடு டெர்மினலில் கேஎல்டிலோட் என்ற கட்டளையைத் தட்டி, அதன் பக்கத்தில் இஃப்_யூஆர்என்டிஸ் என்ற மாட்யூலின் பெயரைக் கொடுக்க வேண்டும். கைபேசியின் விசையை முன்னரே இயக்கியிருந்தாலும் பின்னர் இயக்கினாலும் பாதகமில்லை. மாட்யூல் ஏறியதும், யூஈ0 என்று ஒரு புதிய இடைமுகம் பிறந்துவிட்டதாகவும், அதன் ஈதர்நெட் விலாசம் இன்னதென்றும் கெர்னல் எழுதும். அவ்வரி வரவில்லையென்றால், உங்கள் கைபேசி என்.சி.எம். பேசும் புதிய ரகமாக இருக்கலாம். இஃப்_சிடிசிஈ என்ற மாட்யூலை ஏற்றிப் பார்க்க வேண்டியது.

பிறகு டிஎச்கிளையண்ட் என்ற கட்டளைக்கு யூஈ0-வைக் கொடுத்தால், திரையில் நடைபெறும் உரையாடலைக் கண்ணாலேயே காணலாம். இங்கே யாராவது விலாசம் வழங்குகிறவர் உண்டா என்று கணினி 255.255.255.255 என்ற பொது விலாசத்துக்குக் கூவுகிறது, நான் இருக்கிறேன், இதை வைத்துக்கொள் என்று கைபேசி ஒரு விலாசத்தை நீட்டுகிறது, கணினி அதையே வேண்டுகிறது, கைபேசி சம்மதிக்கிறது. பழைய ஆண்ட்ராய்டுகளில் அப்படிப் பேசும் கைபேசியின் விலாசம் எப்போதும் 192.168.42.129 ஆகவே இருக்கும். பிற்காலத்துப் பதிப்புகள் அந்த எண்வரிசையை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வதால், இதை எங்கேயும் நிலையாக எழுதி வைத்துக்கொள்வது விவேகமல்ல. இதன்பின் ஏதாவதொரு தளத்துக்குப் பிங் அனுப்பிப் பார்த்தால் பதில் வரும்.

வராமற்போவதும் உண்டு. மேஜைக் கணினிகளில் அடிக்கடி நேரும் சிக்கல் ஒன்றைச் சொல்கிறேன். வீட்டு ரவுட்டருக்கு வெளியிலிருந்து வரும் கம்பி எங்கோ அறுந்து இணையம் நின்றுபோயிருக்கிறது. அதனால்தான் கைபேசியைச் செருகுகிறோம். ஆனால் லேன் கம்பி ரவுட்டரிலேயே இருக்கிறது. ரவுட்டர் உயிரோடிருப்பதால் அது கணினிக்கு விலாசம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும், கணினியும் வெளியே போகும் பொட்டலங்களுக்கெல்லாம் அதையே பிரதான வழியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். கைபேசி விலாசம் கொடுத்தபோதிலும், ஏற்கனவே ஒரு வழி இருக்கிறதென்று ஃப்ரீபிஎஸ்டி அதை மாற்றாமல் விட்டுவிடும். நெட்ஸ்டாட் கட்டளையை ஆர்என் என்ற குறிப்போடு தட்டினால் வரும் பட்டியலில் ‘டிஃபால்ட்’ என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். அதன் கடைசியில் யூஈ0 என்பதற்குப் பதிலாக லேன் அட்டையின் பெயர் இருந்தால் விஷயம் வெளிப்பட்டுவிடும். வழிகளை மாற்றும் ரூட் (route) என்ற கட்டளையால் பழைய வழியை நீக்கிவிட்டுக் கைபேசியின் விலாசத்தைப் புதிய வழியாகச் சேர்ப்பது முறையான பரிகாரம். லேன் கம்பியைப் பிடுங்கிவிட்டு டிஎச்கிளையண்டை மறுபடி ஓட்டுவது சோம்பேறிகளுக்கு உகந்தது. நான் செய்வது இரண்டாவதைத்தான்.

இத்தனையையும் தினந்தோறும் செய்யப் பொறுமையிராது. ஆர்சி.கான்ஃப் கோப்பில், ஏற்ற வேண்டிய மாட்யூல்களின் பட்டியலில் இஃப்_யூஆர்என்டிஸைச் சேர்த்து, யூஈ0-வுக்கு டி.எச்.சி.பி. என்று இன்னொரு வரியும் எழுதிவிட்டால், பிறகு கைபேசி வந்து சேரும்போதெல்லாம் டெவ்டி என்னும் காவலன் அதைக் கண்டு, விலாசம் வாங்கும் வேலையைத் தானே நடத்திவிடும். கம்பியைப் பிடுங்கினால் கைபேசியின் விசை தானாகவே அணைந்துவிடும் என்பதால், அதை மட்டும் ஒவ்வொரு முறையும் கையால் இயக்க வேண்டும். ஓப்பன்பிஎஸ்டிக்காரர்களுக்கு மாட்யூல் ஏற்றும் வேலையே இல்லை. டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, இடைமுகத்தின் பெயரும் யூஆர்என்டிஸ்0 என்றே வரும்.

ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு இவற்றில் பாதி பொருந்தாது. ஆப்பிள் தன் சொந்த முறையையே கையாளுகிறது. அதன் நுணுக்கங்களைக் கண்டுபிடித்து லினக்ஸுக்கு டிரைவர் எழுதியவர் டியேகோ ஜியாஜியோ. ஃப்ரீபிஎஸ்டியின் ஐபிஹெத் டிரைவருடைய மூலநிரலிலேயே அவருக்கு நன்றி எழுதியிருக்கிறது. அந்த டிரைவரோடு யூஎஸ்பிமக்ஸ்டி என்னும் துணை நிரலும் வேண்டும். இந்தக் கணினியை நம்பலாமா என்று ஃபோன் திரையில் எழும் கேள்விக்குச் சம்மதம் கொடுத்தாலன்றி ஒரு பொட்டலமும் நகராது. சம்மதித்த பிறகு 172.20.10 என்று தொடங்கும் விலாசம் ஒன்று கிடைக்கும். துணை நிரலை இறக்கிக்கொள்ளவே இணையம் வேண்டுமாதலால், புதிதாக நிறுவிய கணினிக்கு முதல் நாளில் யாரிடமாவது ஓர் ஆண்ட்ராய்டைக் கடன் வாங்கிக்கொள்வதே சுலபம்.

யூஈ0 வழியே வந்த இணையத்தை அதே கணினியிலிருந்து வீட்டிலுள்ள மற்ற யந்திரங்களுக்கும் பி.எஃப். என்னும் தீயரணைக் கொண்டு பகிர்ந்தளிக்கும் முறையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)