அதிர்வின் கதை – 9: தொட்டும் தொடாமலும்

2012 ஜனவரி 31. லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் டியாகோவுக்கும் நடுவே, பசிபிக் கடலோரம் இருந்த சான் ஒனோஃப்ரே அணுமின் நிலையத்தின் மூன்றாம் உலையில் எச்சரிக்கை மணி அடித்தது. கதிரியக்கம் கலக்கவே கூடாத நீராவியில் அதன் தடயம் தெரிந்தது. உள்ளே ஏதோ ஒரு குழாய் ஓட்டையாகியிருக்கிறது. கசிவு சிறியதுதான், உலையை உடனே நிறுத்தினார்கள். அதன்பிறகு அது ஓடவே இல்லை.

கசிந்தது, உலையின் சூட்டில் நீரைக் கொதிக்கவைக்கும் நீராவி ஜெனரேட்டர். அது பழசாக இருந்திருந்தால் யாரும் திகைத்திருக்க மாட்டார்கள். ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் செய்து கொடுத்த புத்தம் புதிய இயந்திரம் அது. ஓடத் தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை.

அதன் வயிற்றுக்குள் 9,727 குழாய்கள், ஒவ்வொன்றும் ‘ப’ எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த வடிவில். விட்டம் 19 மி.மீ., சுவரின் கனம் 1 மி.மீ.க்குச் சற்றே அதிகம். உள்ளே உலையிலிருந்து வரும் 300 டிகிரிக்கு மேற்பட்ட நீர். வெளியே அந்தச் சூட்டில் கொதித்து எழும் நீராவி. நேராக நிற்கும் பகுதியைத் துளையிட்ட தட்டுகள் பிடித்துக்கொள்ளும். மேலே வளைவில், வரிசைகளுக்கு நடுவே தட்டையான உலோகப் பட்டைகளைச் செருகியிருப்பார்கள். இறுக்கிக் கட்டுவதில்லை, சூட்டில் குழாய் நீள இடம் வேண்டுமே. பட்டை குழாயைத் தொடுகிறதா, மயிரிழை விலகி நிற்கிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

குழாய்க் கூட்டத்தின் குறுக்கே நீராவி பாயும்போது ஒரு குழாய் அசைந்தால், பக்கத்துக் குழாயைச் சுற்றிய ஓட்டம் மாறும். அது அசைந்து இதைத் தள்ளும். வேகம் ஓர் எல்லைக்குள் இருக்கும்வரை அசைவு தானாக அடங்கிவிடும். எல்லை தாண்டினால் ஒவ்வொரு ஆட்டத்திலும் குழாய் ஓட்டத்திடமிருந்து சக்தியை வாங்கிக்கொண்டே போகும். அமெரிக்காவின் டகோமா தொங்கு பாலமும் இடிந்து விழும் முன் காற்றிடம் இப்படித்தான் சக்தி வாங்கி ஆடியது. குழாய்களுக்கான அந்த எல்லை வேகத்துக்கு வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் கானர்ஸ் 1970-ல் ஒரு சூத்திரம் தந்தார். குழாயின் இயல்பு அதிர்வெண் குறைந்தால் எல்லையும் குறையும் என்கிறது அது. நேரான குழாயில் தாங்கிகளுக்கு இடையிலான நீளம் இரட்டித்தால் அதிர்வெண் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். ஆகவே தொடாத தாங்கி ஒன்று, வரைபடத்தில் இருந்தாலும், குழாயைப் பொறுத்தவரை இல்லவே இல்லை.

சான் ஒனோஃப்ரேயில் பட்டைகள் தம் வேலையைச் செய்தன. குழாய் இருபுறமும் பட்டைகள் மேல் மோதி ஆடுவதை அவை தடுத்தன. ஆனால் ‘ப’வின் வளைவு எந்தத் தளத்தில் இருக்கிறதோ அதே தளத்திலும் குழாய் ஆட முடியும். அந்தத் திசையில் அதைப் பிடித்து நிறுத்த உராய்வைத் தவிர வேறெதுவும் இல்லை. அணுமின் நிலையங்களின் அத்தனை ஆண்டு அனுபவத்தில் யாரும் அப்படி ஓர் ஆட்டத்தைக் கண்டதில்லை. அதனால் அதற்காக யாரும் வடிவமைக்கவும் இல்லை. போதாததற்கு, வடிவமைப்புக் கணினி நிரல் நீராவியின் வேகத்தைக் குறைத்து மதிப்பிட்டிருந்தது. வளைவில் நீராவி ஏறக்குறைய உலர்ந்தே இருந்ததால், அதிர்வைத் தணிக்கும் மெல்லிய நீர்ப்படலமும் இல்லை. குழாய்கள் மூங்கில் தோப்பு போல ஒன்றோடொன்று உரசின. மூன்றாம் உலையில் இப்படித் தேய்ந்தவை 300-க்கும் மேல். அழுத்தச் சோதனையில் எட்டு குழாய்கள் தோற்றன.

பக்கத்திலிருந்த இரண்டாம் உலையிலும் அதே வடிவமைப்புதான். அங்கே ஒன்றோடொன்று உரசியவை இரண்டே குழாய்கள். விசாரணை சொன்ன காரணம் இந்தக் கதையின் கனமான பகுதி. மூன்றாம் உலையின் பாகங்களை இன்னும் துல்லியமாகச் செய்திருந்தார்கள். பட்டைகள் நேராக, இடைவெளிகள் சீராக அமைந்தன. அதனாலேயே பட்டை குழாயை அழுத்தும் விசை குறைந்து, உராய்வும் போய்விட்டது. இரண்டாம் உலையிலோ சிறு கோணல்கள் குழாய்களை ஆங்காங்கே அழுத்திப் பிடித்திருந்தன.

இரண்டாம் உலையை 70 சதவீதத் திறனில் ஓட்டிப் பார்க்க, நிலையத்தை நடத்திய நிறுவனம் அனுமதி கேட்டது. திறன் குறைந்தால் நீராவியின் வேகமும் எல்லைக்குள் இறங்கும் என்பது கணக்கு. அனுமதி வருவதற்குள் 2013 ஜூன் 7 அன்று, இரண்டு உலைகளையும் நிரந்தரமாக மூடுவதாக நிறுவனமே அறிவித்துவிட்டது.