ஓட்டு வாங்கி வந்தவர் – 6: உத்தியோகம் தேடிய தலைவர்

ஹிட்லர் மியூனிக்கில் துப்பாக்கி தூக்கித் தோற்றது, ஜெயில், இனி ஓட்டு வாங்கித்தான் ஆட்சி என்ற முடிவு, 1928-ல் 12 சீட், 1930-ல் 107 சீட். இதெல்லாம் ஆயிற்று. மறந்தவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளவும்.

இந்த வாரம் நேராக 1933 மார்ச்சுக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். வழியில் 1932 பிப்ரவரி குறுக்கே நிற்கிறது. தாண்டிப் போக மனசு வரவில்லை.

ஜனாதிபதித் தேர்தல். களத்தில் 84 வயது ஹிண்டன்பர்க். பிப்ரவரி 22-ம் தேதி பெர்லின் ஸ்போர்ட்பலாஸ்ட் அரங்கில் கோயபல்ஸ் மேடையேறி, எங்கள் வேட்பாளர் ஹிட்லர் என்று அறிவிக்கிறார். ஒரே ஆரவாரம். ஒரு சின்னச் சிக்கல்: அந்த நிமிடத்தில் ஹிட்லர் ஜெர்மன் குடிமகனே கிடையாது.

பிறந்தது ஆஸ்திரியா. எங்கே அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று 1925-ல் அந்தக் குடியுரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார். ஜெர்மனியும் தரவில்லை. அவர் கட்சியின் 25 அம்சத் திட்டத்திலோ, எல்லோருக்கும் சோறு போட முடியாவிட்டால் குடியுரிமை இல்லாத அந்நியர்களை வெளியேற்ற வேண்டும் என்று ஒரு ஷரத்து!

அரசு உத்தியோகம் கிடைத்தால் குடியுரிமை கூடவே வரும். 1930-லேயே துரிங்கியா மாநில உள்துறை அமைச்சர் ஃப்ரிக், ஹில்ட்பர்க்ஹவுசன் என்ற சிற்றூரில் போலீஸ் அதிகாரியாக நியமன உத்தரவு கொடுத்துப் பார்த்தார். தலைவருக்கு அது கௌரவக் குறைச்சல். கிழித்துப் போட்டுவிட்டதாகப் பிற்பாடு சொன்னார். அடுத்து பிரவுன்ஷ்வைக் மாநிலம். அங்கே உள்துறை அமைச்சர் கிளாகஸ், அவரும் கட்சிக்காரர். தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியராக்கப் பார்த்தார். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர் பேராசிரியரா என்று எதிர்ப்பு, திட்டம் படுத்துவிட்டது. கடைசியில், பெர்லினில் அந்த மாநிலத்துக்கு இருந்த பிரதிநிதி அலுவலகத்தில் 'அரசு ஆலோசகர்' பதவி. பிப்ரவரி 25 உத்தரவு. மறுநாள் அரசியல் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியப் பிரமாணம். கையோடு லீவு, தேர்தலில் நிற்க!

தேடிப் பாருங்கள், உருப்படியாகச் சட்டமீறல் என்று ஒன்றைக் காட்ட முடியாது. நான் வாரா வாரம் முட்டிக்கொள்வது இங்கேதான். அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. உள்ளே உத்தியோகத்தில் இருந்த யாரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் சாவி போட்டுத் திறந்துவிட்டார்.

தேர்தலில் தோற்றார். ஏப்ரல் இரண்டாம் சுற்றில் ஹிண்டன்பர்க் 53 சதவீதம், இவர் 36.8. ஜூலையில் நாடாளுமன்றத்தில் 230 இடம்; நவம்பரில் 196 ஆகச் சரிந்தது. கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். 1933 ஜனவரி 30 அன்று, தன்னிடம் தோற்றவரை ஹிண்டன்பர்க்கே கூப்பிட்டு சான்சலர் ஆக்கினார். மந்திரிசபையில் ஹிட்லரையும் சேர்த்து நாஜிகள் மூன்றே பேர்தான், அடக்கிவிடலாம் என்று சுற்றியிருந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். அந்த மூவரில் ஒருவர், நாடு முழுமைக்கும் உள்துறை மந்திரி. நம்ம ஃப்ரிக்!

மார்ச் 23, ஹிட்லர் அரசுக்கே சட்டமியற்றும் அதிகாரம் தந்த குரோல் ஓபரா மாளிகை வாக்கெடுப்புக்கு இந்த வாரம் இடமில்லை. சபைக்கு வராத எம்.பி.க்களையும் வந்ததாகவே கணக்கு வைக்கலாம் என்று முறைப்படி விதியைத் திருத்திய கூத்து அது. அடுத்த வாரம்.