ஒரு வரிசை, ஒரு கடிதம்

245 காப்பீட்டு நிறுவனங்களையும் சேமநலச் சங்கங்களையும் ஒன்றிணைத்து, 1956 செப்டம்பர் 1-ஆம் நாள் ஆயுள் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன் அமைக்கப்பட்டது. பாலிசிதாரருக்கு அனுப்பப்படும் பிரீமிய அறிவிப்பில் பெயர், முகவரி, பாலிசி எண், தொகை, கெடு நாள் ஆகியவையே ஆளுக்கு ஆள் மாறும். எஞ்சிய வாசகம் எல்லோருக்கும் ஒன்றே. இத்தகைய பணிக்கே இயந்திரம் மிகவும் ஏற்றது. கார்ப்பரேஷனில் 1964-இல் கணிப்பொறி புகுந்தது.

ஆயினும், கல்கத்தாவின் இலாக்கோ மாளிகையில் அதனை நிறுவும் முயற்சியை ஊழியர் சங்கத்தினர் உறுதியுடன் எதிர்த்தனர். எழுத்தர் வேலை பறிபோகும் என்பதே அவர்தம் அச்சம். இயந்திரமயமாக்கல் குறித்து ஆராய 1969-இல் வி. எம். தாண்டேகர் தலைமையில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது.

அன்று பெரும் கூடத்தை அடைத்த இயந்திரத்தின் வேலையை இன்று மேசைக் கணிப்பொறியே செய்கிறது. விரிதாளில் ஒரு வரிசை ஒரு நபரைக் குறிக்கும். ஒரு பத்தி ஒரு விவரத்தைக் குறிக்கும். மாதிரிக் கடிதத்தில் பெயரும் தொகையும் வரவேண்டிய இடங்களில் அடையாளக் குறிகள் இடப்படும். பைத்தான் போன்ற மொழியில் எழுதிய நிரல், வரிசைகளை ஒவ்வொன்றாகப் படித்து, குறிகளுக்குப் பதிலாக விவரங்களைப் பொருத்தி, தனித்தனிக் கடிதமாகச் சேமித்துவிடும்.

இடர்ப்பாடு அட்டவணையில்தான் உள்ளது. 00457 என்னும் கணக்கு எண்ணை வெறும் எண்ணாகக் கொண்டால், அது 457 ஆகச் சுருங்கிவிடும். 03-04-2024 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ என்ற ஐயம் எழும். வங்காளத்தில் ஒருவரே ஓர் ஏட்டில் முகர்ஜி என்றும், மற்றோர் ஏட்டில் முகோபாத்யாய் என்றும் பதிவாகியிருக்கக்கூடும். நிரலுக்கு அவர் இருவர்! எனவே, ஏடுகளைப் பெயரால் இணைக்காமல் கணக்கு எண்ணால் இணைப்பதே முறை.

கையால் எழுதுபவர் ஐயம் தோன்றினால் நிறுத்திக் கேட்பார். நிரலோ, கட்டளையிட்டாலொழிய நிற்காது. ஆகவே, வெற்றுக் கட்டம் தென்பட்டால் கடிதம் எழுதாமல் அறிவிக்குமாறு அதனைப் பணிக்க வேண்டும். முதற்கண் பத்துக் கடிதங்களை மட்டும் உருவாக்கி, மூல ஏட்டுடன் ஒப்பிடுவது நன்று. வரிசைகளின் எண்ணிக்கையும் கடிதங்களின் எண்ணிக்கையும், கடிதங்களில் கண்ட தொகைகளின் கூட்டலும் பேரேட்டின் கூட்டலும் ஒத்திருத்தல் வேண்டும்.

படியெடுக்கும் உழைப்பு இதனால் மிச்சமாகிறது. சரிபார்க்கும் உழைப்பு மிச்சமாவதில்லை. முன்பு ஒரு பிழை ஒரு கடிதத்தைக் கெடுத்தது. இன்று மாதிரியில் நேரும் ஒரு பிழை எல்லாக் கடிதங்களையும் கெடுத்துவிடும். கெடு நாள் தவறாக அச்சானால் காப்பீடே காலாவதியாகும் குடும்பங்கள் உண்டு. எழுத்தரின் அனுபவக் கண் இயந்திரம் வந்த பின்னரே இன்னும் மிகுதியாகத் தேவைப்படுகிறது.