நாய்க்கு இதய மாத்திரை: சாப்பிட மறுத்தால் ஈசிஜி எதற்கு?

“மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து சாப்பிடவே மாட்டேங்குது டாக்டர்.” டிஜாக்சின் மாத்திரை எடுக்கும் நாயைப் பற்றி இப்படிச் சொன்னால், கால்நடை மருத்துவர் ஈசிஜி எடுக்கச் சொல்வார். வயிற்றுப் பிரச்சினைக்கு எதற்கு ஈசிஜி?

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது?

டிஜிட்டாலிஸ் செடியிலிருந்து கிடைக்கும் மருந்து இது. இதயச் செல்லில் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ‘பம்ப்’ ஒன்று உண்டு. டிஜாக்சின் அதைத் தடுக்கிறது. செல்லுக்குள் கால்சியம் கூடுகிறது. இதயம் வலுவாகச் சுருங்குகிறது.

துடிப்பு ஏன் குறைகிறது?

வேகஸ் நரம்பு வழியாக, மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின் சிக்னலையும் இது தாமதப்படுத்துகிறது. மேலறை தாறுமாறாகத் துடிக்கும் நாய்களுக்கு இதுதான் தேவை. கீழறையின் வேகம் கட்டுக்குள் வரும்.

அளவு மிஞ்சினால்?

சிக்னல் பாதியிலேயே நின்றுபோகலாம். கீழறை முந்திக்கொண்டு தானாகத் துடிக்கலாம். இரண்டும் ஈசிஜியில் தெரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். சிறுநீரகம் பழுதானால் மருந்து உடலில் தேங்கும். நீர் பிரிய மாத்திரை கொடுப்பதால் பொட்டாசியம் குறைந்தாலும் ஆபத்து கூடும்.

எதைக் கவனிக்க வேண்டும்?

பசியின்மை, வாந்தி, பேதி, சோர்வு எல்லாம் மருந்து மிஞ்சியதன் அறிகுறிகளாக இருக்கலாம். உடனே மருத்துவரை அழையுங்கள். “காலையில மறந்துட்டோமே” என்று ராத்திரி இரண்டு வேளை மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு.