மாசாய் ஊருக்குள் கால் வைக்கும் முன்

கென்யாவின் தெற்கிலும் தான்சானியாவின் வடக்கிலும் விரிந்து கிடக்கும் புல்வெளிகளில் வாழ்பவர்கள் மாசாய் மக்கள். பள்ளிக்கூடம் கட்டவும் பாடம் சொல்லித் தரவும் வெளிநாட்டுத் தொண்டர்கள் அங்கே போகிறார்கள். சிவப்புப் போர்வை, பாசிமணி, எம்பிக் குதித்தாடும் இளைஞர்கள் ஆகியவற்றைத் தாண்டி, அத்தொண்டர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் மாடு. மாசாய்களுக்குச் செல்வம், உணவு, மணப்பெண்ணுக்கான பரிசம் எல்லாமே அதுதான். அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11இல் நடந்த தாக்குதலைக் கேள்விப்பட்ட எனூசாயென் என்னும் மாசாய் கிராமத்தார், மறு ஆண்டு அந்நாட்டுக்கு 14 மாடுகளை அன்பளிப்பாக அறிவித்தார்கள். துக்கத்தில் பங்குகொள்ள அதைவிட உயர்ந்த பொருள் அவர்களிடம் இல்லை.

குச்சிகளை நட்டு, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி வீடு கட்டுவது அங்கே பெண்களின் வேலை. சிறுவர்கள் பெரியவர்கள் முன் தலை குனிந்து நிற்பார்கள். பெரியவர் உச்சந்தலையைத் தொட்டு வாழ்த்துவார். எச்சில் உமிழ்வதும் ஆசிதான். முகம் சுளிக்கக் கூடாது. ஆண்கள் வயதுக் குழுக்களாகப் பிரிந்து, இளைஞர் நிலையிலிருந்து மூப்பர் நிலைக்குச் சடங்குகளோடு உயர்கிறார்கள். இத்தகைய மூன்று சடங்குகளை யுனெஸ்கோ 2018இல் அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது.

நிலம் பறிபோன வரலாறும் உண்டு. 1904, 1911 ஒப்பந்தங்களின் வழியே பிரிட்டிஷ் ஆட்சி அவர்களை நல்ல மேய்ச்சல் நிலங்களிலிருந்து அகற்றியது. வெளியாரின் வாக்குறுதிகளை அவர்கள் ஐயத்தோடு பார்த்தால் வியப்பில்லை.

எனவே தொண்டு செய்யப் போகிறவர்களே, அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். என்ன வேலை தேவை என்பதை ஊர் மூப்பர்களிடமும் பெண்களிடமும் கேட்ட பிறகே தொடங்குங்கள்.